பேரைக் கண்டு பயப்படுவதா?

(பழங்காநத்தத்தில் கால்பந்து ஆடும் வாலிபர்கள் கூட்டிய கூட்டத்தில் பேசியது)



பந்தாட்டக்காரர்கள் கூட்டத்தில் நமக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். பந்தை எப்படி உதைப்பது என்று உங்களுக்குச் சொல்லித்தர நாம் வரவில்லை. பந்தாட்டம் பார்க்கிறவர்களுடைய புத்தி எங்கெங்கே போகின்றது என்பதைப் பற்றி மாத்திரம் நாலு வார்த்தை பேசலாமென்று வந்திருக்கின்றோம்.

வருஷா வருஷம் ஆட்டப் பருவம் ஆரம்பிக்குமுன் கிளப்புகள் புது ஆட்களைச் சேர்க்கின்றன. நமக்கு எதிரான கட்சி ஒரு பேர்போன ஆட்டக்காரரைச் சேர்த்துவிட்டது என்று சேதி வந்தவுடன் நமது வாலிபர்கள் என்ன செய்கின்றார்கள்? ஒருவர், "இனி நம் கதை முடிந்தது" என்று தலையில் கை வைத்துக் கொள்ளுகின்றார். இன்னொருவர், வந்தவரைக் "காசுக்கு விலை போனவன், துரோகி" என்று வைகின்றார். மூன்றாமவர் எதிரியின் கால் ஒடிய வேண்டுமென்று தேங்காய் நேர்ந்து கொள்ளுகின்றார். மூன்றும் மூன்று காரியமாகத் தோன்றினாலும் வேர் ஒன்றுதான். ஆட்டக்காரர் கூலிக்குப் பாடுபடும் ஒரு மனிதர் என்பதை மறந்து, அவரைப் பாதி தெய்வமாகவும் பாதி அடிமையாகவும் நினைப்பதுதான் அந்த வேர்.

தோழர்களே! ஒரு சங்கதியை எடுத்துக் கொள்ளுவோம். 2017ஆம் ஆண்டில் நமது சென்னையின் எப்.சி.க்குப் போட்டியான கேரளா பிளாஸ்டர்ஸ் கிளப்பு, பல்கேரியா தேசத்து டிமிடர் பெர்பட்டோவ் என்பவரையும், இங்கிலாந்து தேசத்து வெஸ் பிரவுன் என்பவரையும் சேர்த்தது. இருவரும் மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பில் ஆடிப் பேர் வாங்கியவர்கள். பெர்பட்டோவ் 2010-11இல் இங்கிலாந்து லீக்கில் 20 கோல் அடித்து முதல் இடத்தைப் பங்கு போட்டுக் கொண்டவர். இப்பேர்ப்பட்டவர்கள் வந்தால் யாருக்குத்தான் பயமிராது? ஆனால் பயப்பட்டவர்கள் ஒரு கேள்வி கேட்டார்களா? பெர்பட்டோவுக்கு அப்போது வயது 36. பிரவுனுக்கு 37. பெர்பட்டோவ் ஓராண்டுக்கு மேலாக எந்தக் கிளப்பிலும் ஆடாமல் இருந்தவர். அவர்கள் கொண்டுவந்தது பழைய பேரையா, இன்றைய காலையா என்று பார்க்க வேண்டாமா?

நடந்தது என்ன? காயங்களுக்கு நடுவில் பெர்பட்டோவ் அந்தப் பருவத்தில் அடித்தது ஒரே கோல். கேரளா ஆறாவது இடத்தில் நின்றது. கோப்பையைச் சென்னைதான் எடுத்தது. அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தில் கோவாவை 3-0 என்று வென்றபோது, அதில் ஒரு கோல் அடித்தவர் வியாசர்பாடிப் பிள்ளை தனபால் கணேஷ். 2018 மார்ச் 17ந் தேதி பெங்களூரில், பெங்களூர்க் கிளப்பை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று வென்ற இறுதி ஆட்டத்தில், இரண்டு கோல் அடித்தவர் பின்வரிசையில் ஆடுகிற மெயில்சன் ஆல்வெஸ். இரண்டும் மூலையிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டி அடித்தவை. அதாவது பழகிப் பழகிச் செய்கிற காரியம். பருவம் ஆரம்பிக்குமுன் பெர்பட்டோவ் பேரைச் சொல்லி நடுங்கியவர்களில் எத்தனை பேர் வியாசர்பாடிப் பிள்ளையை எண்ணிப் பார்த்திருப்பார்கள்? தூரத்துப் பேர் பெரிதாகவும், பக்கத்து மனிதன் சிறிதாகவும் தெரிவது நம் நாட்டுப் பழைய வியாதியல்லவா?

இது இங்கு மாத்திரம் நடக்கும் காரியமல்ல. 2021ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துக் கிளப்பு, மெஸ்ஸி, ராமோஸ், டொன்னரும்மா, வைனால்டம் என்கின்ற நான்கு பேரை, பழைய கிளப்புகளுக்கு ஒரு காசு விலை கொடுக்காமல் சேர்த்துக் கொண்டது. அவர்களுடைய ஒப்பந்தம் முடிந்திருந்தபடியால் விலை கேட்க யாருக்கும் பாத்தியதை இல்லை. இனி ஐரோப்பாக் கோப்பையை அவர்களிடமே கொடுத்துவிடலாம் என்று பேசியவர்கள் அநேகர். 2022இலும் 2023இலும் அந்தக் கிளப்பு 16 கிளப்புகள் மிஞ்சிய சுற்றிலேயே தோற்றது. மெஸ்ஸி 2023இல் போனார். எம்பாப்பே 2024இல் போனார். அதற்குப் பின்தான், 2025 மே 31ந் தேதி மியூனிக் நகரில் இத்தாலி நாட்டு இன்டர் கிளப்பை 5-0 என்று வென்று கோப்பையை எடுத்தார்கள்.

அப்படியானால் இப்படிச் சேர்ப்பதெல்லாம் வீண் என்று சொல்லுகின்றோமா? இல்லை. அந்த நான்கு பேரில் டொன்னரும்மா அந்த 2025 இறுதி ஆட்டத்திலும் கோலைக் காத்து நின்றார். அவர் வரும்போது வயது 22. ராமோசுக்கு வயது 35. ஆகவே கவனிக்க வேண்டியது பேரையல்ல. வயது என்ன, உடம்பு எப்படி, எந்த இடத்தில் ஆடுவார், அந்த இடத்தில் அந்தக் கட்சிக்கு ஆள் தேவையா, மற்றப் பத்துப் பேரோடு இசைந்து ஆடுவாரா என்பவைகளேயாகும். இதைப் பார்த்த பிறகு பயப்பட வேண்டியிருந்தால் பயப்படுங்கள். அது அறிவோடு கூடிய பயம்.

வெளியூர் ஆட்களைச் சேர்த்து ஜெயித்தவர்களும் இருக்கின்றார்கள். கல்கத்தாவில் முகமதன் ஸ்போர்ட்டிங் கிளப்பு, பெங்களூர் முதலிய வெளியூர்களிலிருந்து ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்து, 1934 முதல் 1938 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து லீக்கை ஜெயித்தது. அதற்கு முன் எந்த இந்தியர் கட்சியும் அந்த லீக்கை ஜெயித்ததில்லை. ஆனால் ஆட்களைச் சேர்த்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. இந்திய ஆட்டக்காரர்கள் வெறுங்காலோடு ஆடுவதே வழக்கமாயிருந்த காலத்தில், மழைச் சேற்றில் பூட்சு போட்டு ஆடப் பழகினார்கள். மேலே பார்த்தவன் அதிசயம் என்பான். காலைப் பார்த்தவன் பூட்சு என்பான்.

இனி, "துரோகி" என்கின்ற வார்த்தையைப் பற்றிப் பேசுவோம். ஒப்பந்தம் முடிந்து விலையில்லாமல் போகிற ஆட்டக்காரரை 'ஃப்ரீ ஏஜெண்ட்' என்கின்றார்கள். அந்த விடுதலை சும்மா வந்ததல்ல. பெல்ஜியம் தேசத்தில் ழான் மார்க் போஸ்மன் என்கின்ற ஆட்டக்காரர் இருந்தார். 1990இல் லியேஜ் நகரத்துக் கிளப்போடு அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. பிரெஞ்சு நாட்டு டன்கெர்க் கிளப்பு அவரை அழைத்தது. பழைய கிளப்போ, ஒப்பந்தம் முடிந்த பிறகும் அவருக்கு விலை கேட்டது. போக முடியாமலும் செய்தது. இதற்கும், கடனைக் காட்டிப் பண்ணையாளை நிலத்தோடு கட்டி வைத்த மிராசுதாரன் செய்கைக்கும் என்ன வித்தியாசம்? போஸ்மன் வழக்காடினார். 1995 டிசம்பர் 15ந் தேதி ஐரோப்பிய நீதிமன்றம், ஒப்பந்தம் முடிந்தவர் ஐரோப்பியக் கூட்டு நாடுகளுக்குள் வேறு கிளப்புக்குப் போகும்போது விலை கேட்பது செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. அதற்குள் அவருடைய ஆட்ட வாழ்வு தேய்ந்து போயிற்று. பலனை அனுபவிப்பவர்கள் பின்னால் வந்தவர்கள்.

தோழர்களே! நம்மில் ஒருவர் பஞ்சாலையிலோ பட்டறையிலோ வேலை செய்கின்றார். பேசிய காலம் முடிந்துவிட்டது. வேறொரு இடத்தில் கூலி அதிகம் கொடுக்கின்றார்கள். போனால் துரோகமா? வீட்டில் கேட்டுப் பாருங்கள். போகாதிருந்தால்தான் அசடு என்பார்கள். நமக்கு நியாயமானது ஆட்டக்காரருக்கு மாத்திரம் எப்படி அநியாயமாகும்? அவருக்கோ பாடுபடக் கூடிய காலமே பத்துப் பதினைந்து வருஷம். ஒரு முழங்கால் கெட்டால் அதுவும் போயிற்று. ஆட்டக்காரர் கிளப்பை விட்டால் துரோகி, கிளப்பு ஆட்டக்காரரைத் தள்ளினால் வியாபாரம் என்பது யார் எழுதிய தர்மம்?

கடைசியாக ஒன்று. இந்தப் பேர் மயக்கம் வாயோடு நின்றால் பெரிய நஷ்டமில்லை. பணத்துக்கும் வந்துவிடுகின்றது. பேரை நம்பிப் பந்தயம் வைத்து வாரக்கூலியைத் தோற்று, வட்டிக்கு வாங்கி மறுபடியும் தோற்ற வாலிபர்கள் எந்த ஊரில்தான் இல்லை? 2025இல் மத்திய அரசாங்கம் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுத்துச் சட்டம் செய்துவிட்டது. சட்டம் கதவைச் சாத்தும். புத்தி தெளியாதவன் ஜன்னல் தேடுவான்.

ஆகவே வாலிபத் தோழர்களே! ஆட்டம் பாருங்கள். உங்கள் கட்சிக்குக் கை தட்டுங்கள். எதிர்க்கட்சி சேர்த்த ஆளைத் தராசில் வைத்து நிறுத்துப் பாருங்கள். ஆனால் பேரைத் தட்டில் வைக்காதீர்கள், வேலையை வையுங்கள். தேங்காய்க்குக் கொடுக்கும் காசில் நம் தெருப் பிள்ளைகளுக்கு ஒரு பந்து வாங்கிக் கொடுங்கள். வியாசர்பாடியில் கிடைத்த ஆள் பழங்காநத்தத்தில் கிடைக்க மாட்டான் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. சொன்னாலும் நாம் கேட்கப் போவதில்லை.