முள் எங்கே வேண்டுமோ அங்கே



கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் ஓர் இலைக்கொத்தைப் பார்த்திருப்பீர்கள். பளபளக்கும் கரும்பச்சை இலை, ஓரமெல்லாம் முள், நடுவே சிவப்புப் பழங்கள். அதுதான் ஹாலி. ஐரோப்பாவில் பல மரங்கள் மொட்டையாகிவிடும் பனிக்காலத்திலும் பச்சை மாறாமல் நிற்கும் மரம்.

அட்டையில் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. வளர்ந்த ஹாலியின் அடிக்கிளையில் கை வைத்தால் குத்தும். உச்சிக்கிளை இலையைத் தடவினால் ஓரம் வழுவழுவென்று இருக்கும்; நுனியில் மட்டும் ஒரு முள். மானும் ஆடும் எட்டும் உயரத்தில்தான் முள் அதிகம். ஸ்பெயினில் ஹெரேரா, பசாகா என்ற இரு அறிவியலாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். விலங்குகள் கடித்த கிளைகளில் முள்ளிலைகள் கூடுதலாக இருந்தன. ஒரே மரத்தின் முள்ளிலைக்கும் முள்ளில்லாத இலைக்கும் டி.என்.ஏ. மேல் ஒட்டியிருக்கும் வேதிக்குறிகளும் வேறுபட்டன. ஓடித் தப்ப முடியாத உயிர், கடிபட்ட இடத்தில் தன் இலையையே மாற்றிக்கொள்கிறது!

இங்கிலாந்தின் மலைநாட்டு மேய்ப்பர்கள் இந்த வேறுபாட்டை அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். பனிக்காலத்தில் தீவனம் இல்லாதபோது ஹாலியின் மேல்கிளைகளை வெட்டி ஆடுகளுக்குப் போட்டார்கள்.

ஹாலியில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பழம் பெண் மரத்தில்தான். அதற்கும் அக்கம்பக்கத்தில் ஆண் மரம் இருக்க வேண்டும், தேனீ வர வேண்டும். பழம் பறவைகளுக்கு உணவு. நாம் தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். குழந்தைகள் கையில் கொடுக்கவே கூடாது. ஹாலியின் கட்டையோ வெண்மையானது, இறுக்கமானது. சதுரங்கக் காய்கள் செய்ய உகந்தது.

அர்ஜென்டினாவிலும் பராகுவேயிலும் மக்கள் நாள்தோறும் உறிஞ்சிக் குடிக்கும் மாத்தே பானமும் ஹாலி இனத்து மரமொன்றின் இலையில் தயாராவதுதான். குவாரனி பழங்குடியினர் கண்ட பானம் அது. காப்பியில் உள்ள காஃபின் அதிலும் உண்டு.

நம் மலைகளிலும் ஹாலியின் உறவு இருக்கிறது. நீலகிரிச் சோலைக்காடுகளில் வளரும் இலெக்ஸ் வைட்டியானா, சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் பெயரைத் தாங்கியது. அதற்கும் சிவப்புப் பழம்தான். நேயர்களே, உதகைக்குப் போனால் பூங்காவோடு திரும்பிவிடாதீர்கள். மிஞ்சியிருக்கும் சோலைகளையும் பாருங்கள். ஒரு கிளையும் ஒடிக்காமல் வாருங்கள்.