கணக்கு எங்கே பிழைத்தது?



கல்முனைக் கடையொன்றில் இரு கணக்கப்பிள்ளைகள் ஒரே ஏட்டில் எழுதுவதாகக் கொள்வோம். இருப்பு 100 மூடை நெல். ஒருவர் 20, மற்றவர் 30 கூட்டவேண்டும். இருவரும் ஒருங்கே 100 எனப் பார்த்துத் தனித்தனியே எழுதினால், 150 நில்லாது. 120 அல்லது 130 தான் நிற்கும். பழியோ ஒருவர் தலையில் விழும். இருவரும் நேர்மையாளர், முறையே பிழை.

இன்று கணினியும் பல வேலைகளை இவ்வாறே ஒருங்கே செய்கின்றது. ஆளுக்குப் பார்த்தல், எழுதுதல் என இரு செயலானால், அவை ஆறு வகையாக மாறிமாறி நிகழலாம்; இரண்டே சரியானவை. ஆளுக்குப் பத்துச் செயலானால் 184,756 வகை! சாதாரண சோதனையிற் சிலவே அகப்படும். ஆகவே மென்பொருளின் மாதிரியை அமைத்து, எல்லா வகைகளையும் இயந்திரத்தைக் கொண்டே ஆராய்கின்றனர். இதனை வளர்த்த கிளார்க், எமர்சன், சிபாக்கிஸ் ஆகியோர் 2007ஆம் ஆண்டின் தூரிங் விருதைப் பெற்றனர்.

1997இல் நாசா அறிஞர் ‘ஸ்பின்’ என்னும் கருவியால் விண்கல மென்பொருளொன்றில் ஐந்து பிழைகளைக் கண்டனர். 1999 மே மாதம், ‘டீப் ஸ்பேஸ் 1’ விண்ணிற் செல்கையில், அவ்வாறு ஆராயப்படாத பகுதியில் அதே வகைப் பிழை தோன்றி அம்மென்பொருளை முடக்கியது.

வாலிபர்களே! ஆளைப் பழிக்குமுன் முறையை ஆராயுங்கள்.