ஊறு செய்யாமல் அறிதல்

 

நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளுள் நடுவே நிற்பது ஞானம். காட்சி அதற்கு வழிகாட்டுகிறது. ஒழுக்கம் அதனைப் பயனுடையதாக்குகிறது. மரபணுவியலில் உழைக்கும் உயிரிப் பொறியியல் அறிஞர் ஒருவரின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும். அவர் அமெரிக்க நாட்டைச் சேர்ந்த ஸ்டீபன் குவேக்.

1969இல் பிறந்த குவேக், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் கணிதமும் கற்று, 1994இல் ஆக்ஸ்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்றார். 1996இல் கால்டெக் கல்வி நிறுவனத்தில் ஆசிரியரானார். அவர் பட்டம் பெற்ற துறை உயிரியல் அன்று. ஆயினும், மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக அளக்க முனைந்த ஆர்வம் அவரை உயிரியலின்பால் ஈர்த்தது. 2000இல் அவர் குழுவினர், ரப்பர் போன்ற மென்பொருளில் மயிரிழையை ஒத்த கால்வாய்களையும், அவற்றைக் காற்றழுத்தத்தால் திறந்து மூடும் நுண்ணிய வால்வுகளையும் அமைத்தனர். ஒரு துளியிலும் மிகச் சிறிய அளவு நீர்மத்தைக் கொண்டு ஆய்வு செய்ய அதனால் வழி பிறந்தது. பின்னர் ஸ்டான்ஃபோர்டின் உயிரிப் பொறியியல் துறையில் இணைந்த அவர், 2009இல் மூவரே கொண்ட குழுவாக, 50,000 டாலருக்கும் குறைந்த செலவில், தம் சொந்த மரபணுத் தொகுதியைப் படித்து வெளியிட்டார்.

இவற்றினும் சிறந்த பணி ஒன்று உண்டு. கருவிலுள்ள குழந்தைக்கு டவுன் நோய்க்குறி உள்ளதா என்று உறுதியாக அறிய, தாயின் வயிற்றில் ஊசி செலுத்திப் பனிக்குட நீரை எடுப்பது வழக்கம். அதில் கரு கலையும் இடர் சிறிதளவு உண்டு. தம் மனைவிக்கு அத்தகைய சோதனை நடந்ததைக் கண்ட குவேக், ஊசியின்றி இதனை அறிய இயலாதா என எண்ணினார்.

தாயின் இரத்தத்தில் கருவின் டி.என்.ஏ. துணுக்குகள் கலந்திருப்பதை டென்னிஸ் லோ 1997இல் கண்டறிந்திருந்தார். அத்துணுக்குகளை இலட்சக்கணக்கில் எண்ணி, இருபத்தொன்றாம் குரோமோசோமுக்கு உரியவை மிகுந்துள்ளனவா என்று பார்க்கும் முறையைக் குவேக்கின் குழு 2008இல் வெளியிட்டது. லோவின் குழுவும் அதே ஆண்டில் இம்முறையை நிறுவியது. இன்று தாயின் கையிலிருந்து எடுக்கும் சிறிதளவு இரத்தமே முதற்கட்டச் சோதனைக்குப் போதுமானது. ஊசிச் சோதனைக்கு உள்ளாகும் தாயர் தொகை பெரிதும் குறைந்துள்ளது.

ஆயினும் ஊறின்றிப் பெற்ற அறிவும் ஊறு செய்யப் பயன்படக்கூடும். அதே இரத்தம் குழந்தை ஆணா பெண்ணா என்பதையும் காட்டிவிடும். கருவின் பாலினத்தை அறிவிப்பதை இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. கருவிலிருப்பதும் ஓர் உயிரே எனப் போற்றும் சமணருக்குச் சட்டத்திற்கு முன்பே அறம் இதனை விலக்கியது. மேலும், இச்சோதனை ஐயத்தைக் காட்டுவதேயன்றி முடிவுரைப்பதன்று. உறுதி செய்ய மறுசோதனை வேண்டும். ஒரு கோணத்தில் தோன்றுவதையே முழு உண்மையெனக் கொள்ளலாகாது என்னும் அநேகாந்தம் இங்கும் பொருந்துகிறது.

இளைஞர்களே! கற்ற துறை எதுவாயினும், எவ்வுயிரின் துன்பத்தை இவ்வறிவு குறைக்கும் என்ற வினாவோடு ஆய்வுக்கூடம் புகுக. அவ்வினா இயற்பியல் கற்றவரைத் தாய்மாரின் துயர் துடைக்கும் பணிக்கு இட்டுச் சென்றது. கற்ற ஞானத்தை நல்லொழுக்கம் காக்கட்டும்.

வாழ்க அறம்! ஓங்குக அகிம்சை!