பெயர் தெரியாத ஆசை



பெண் என்று ஓர் இனம் இருப்பதையே அறியாத இளைஞன் ஒருவன், முதன்முதலாக ஒரு பெண்ணைக் காண்கின்றான். அவள் போனபின், கண்டதைத் தந்தையிடம் சொல்ல வேண்டும். எந்தச் சொற்களைக் கொண்டு சொல்வான்?

மகாபாரதத்தின் வனபர்வத்திலே உரோமச முனிவர் தருமருக்குக் கூறும் ரிஷ்யசிருங்கர் கதை இது. கம்பர் இவரைக் கலைக்கோட்டு முனிவர் என்பார். கலை மான், கோடு கொம்பு. மான் வயிற்றிற் பிறந்து, தலையிலே கொம்புடன் காட்டில் வளர்ந்த பிள்ளை. தந்தை விபாண்டகரைத் தவிர வேறு மனித முகம் கண்டதில்லை.

அங்க நாட்டில் மழை பொய்த்தது. இப்பிள்ளை வந்தால் மழை வரும் என்றனர். மன்னன் உரோமபாதன் கணிகையரை அழைத்தான். அவர்களுக்கோ மன்னன் சினத்துக்கும் அச்சம், முனிவர் சாபத்துக்கும் அச்சம். முதியவள் ஒருத்தி பொருள் பெற்று இசைந்தாள். படகின்மேல் மரமும் கொடியும் அமைத்து, அதனை ஓர் ஆச்சிரமம் ஆக்கித் தன் மகளை அனுப்பினாள். அவள் மாலை தந்தாள், மது தந்தாள், பந்தாடினாள், தழுவினாள். பின்னர் வேள்விக் கடன் உண்டென்று சொல்லிப் போய்விட்டாள்.

தந்தை திரும்புகின்றார். விறகு அடுக்கப்படவில்லை. பிள்ளை பெருமூச்செறிகின்றான். ஒரு பிரமசாரி வந்தான் என்று தொடங்குகின்றான். பொன் நூலாற் கட்டிய நீண்ட மணக்கும் சடை. கழுத்தின் கீழே மயிரில்லாத இரு அழகிய உருண்டைகள். நடந்தால் குளத்து அன்னம்போல் ஒலிக்கும் ஏதோவொன்று காலில். நிலத்தில் விழுந்து மீண்டும் எழும் ஒரு கனி கையில். அவன் தன் வாயை என் வாயிலே வைத்து ஓர் ஓசை செய்தான், எனக்கு இன்பமாயிருந்தது. அவனிடமே போக வேண்டும் என்கின்றான்.

இதனை ஆபாசம் என்று சிலர் ஒதுக்குவர். நான் உடன்படேன். காதல், முத்தம், மார்பு என்ற சொல் ஒன்றுகூட இல்லாமலே இவ்வளவு சூடு ஏறிய பகுதி நம் காவியங்களில் அரிது. தந்தையின் மறுமொழிதான் வருத்துகின்றது. அவர்கள் அரக்கர், அழகிய வடிவில் வருவார்கள் என்கின்றார். அப்போதும் அவர் பெண் என்று சொல்லவில்லை. ஒளித்ததை இன்னும் ஒளிக்கின்றார். ஆகவே, அவர் கனி தேடப் போன நாளில் அவள் மீண்டும் வந்ததும், தந்தை வருமுன் போய்விடுவோம் என்று பிள்ளையே அவசரப்படுத்துகின்றான்.

பௌத்த சாதகக் கதை ஒன்றிலே, இவ்வாறு அனுப்பப்படுபவள் காசி மன்னனின் மகள் நளினிகையேதான். அங்கே தந்தையின் அறிவுரை வெல்கின்றது. பிள்ளை காட்டிலேயே நின்றுவிடுகின்றான். பாரதத்திலோ மழை பெய்கின்றது. மன்னன் தன் மகள் சாந்தையை அவனுக்கு மணம் செய்து கொடுக்கின்றான். சாந்தையின் கற்பைப் புகழ்ந்து கதை முடிகின்றது.

அவன் ஏங்கியது சாந்தைக்காக அன்று. படகில் வந்த அந்தப் பெண்ணுக்குக் காவியம் ஒரு பெயர்கூடத் தரவில்லை. தாய் அனுப்பினாள், போனாள். அவனைத் தழுவியபோது அவள் மனத்தில் ஏதும் நிகழ்ந்ததா என்று தருமர் கேட்கவுமில்லை, உரோமசர் சொல்லவுமில்லை.