பிள்ளையை நிறுத்தாதீங்க, தொல்லையை நிறுத்துங்க!

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், தவணை என்று மாதாமாதம் பேசுகிறோம். இன்றைக்கு நம்ம பிள்ளைகள் தெருவில் பயமில்லாமல் நடப்பதைப் பற்றிப் பேசுவோம்.

பஸ் நிற்கிற இடம், ஒயின்ஷாப் வழி, விளக்கு எரியாத தெருமுனை, ஆள் நடமாட்டம் இல்லாத தோப்புப் பாதை. தொல்லை நடக்கிற இடங்கள் நமக்குத் தெரியும். பைக்கில் பின்னாடியே வருவது, செல்போனில் படம் எடுப்பது, நம்பர் கேட்டு நச்சரிப்பது, இதெல்லாமும் தெரியும். ஆனால் பிள்ளைகள் வீட்டில் சொல்வதில்லை. ஏன்? சொன்னால், "படிச்சது போதும், வீட்டில இரு" என்போம். இல்லை, அவசரமாக மாப்பிள்ளை பார்ப்போம். தப்பு செய்தவன் ஜாலியாகச் சுற்றுவான், தண்டனை நம்ம பிள்ளைக்கு! இந்தப் பயம் போனால்தான் பிள்ளை வாய் திறக்கும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1998ல் சென்னையில் கிண்டல் செய்த கும்பலால் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்தார். அந்த ஆண்டே தமிழ்நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் வந்தது. 2012ல் வந்த போக்சோ சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட பெண் பிள்ளை, ஆண் பிள்ளை இருவரையும் காக்கிறது. தொட்டால்தான் குற்றம் என்றில்லை. கெட்ட எண்ணத்தோடு பின்தொடர்வதும், அசிங்கமாகப் பேசுவதும் குற்றம்தான். இந்தச் சட்டத்தில் வரும் குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் சொல்லாமல் மறைப்பதும் குற்றம். அதனால் "ஊருக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீங்க.

ஸ்டேஷனுக்குப் போகவும் பயப்பட வேண்டாம். பிள்ளையிடம் வீட்டிலேயே வாக்குமூலம் வாங்கலாம். அப்போது போலீசார் யூனிபார்மில் வரக்கூடாது. இரவில் பிள்ளையை ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. பெயரை வெளியிடக் கூடாது.

நாம் செய்ய வேண்டியது என்ன?

1. பள்ளி விடும் நேரத்தில் முறை வைத்து இரண்டு பேர் பஸ் நிற்கிற இடத்தில் இருக்கலாம். "தம்பி, இங்க என்ன வேலை?" என்று சத்தமாகக் கேட்டாலே பாதிப் பேர் கிளம்பி விடுவார்கள். அடிதடி வேண்டாம்.

2. பைக் நம்பர், இடம், தேதி, நேரம் குறித்து வையுங்கள். தீர்மான நோட்டில் பிள்ளையின் பெயரை எழுதாதீர்கள்.

3. தெருவிளக்குக்கு மனு எழுதி, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் தீர்மானம் கேளுங்கள்.

4. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, அவசரத்துக்கு 112. பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்து வையுங்கள்.

5. தெரியாத ஆள் மட்டும்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணன் யாராக இருந்தாலும், பிள்ளை "பிடிக்கலை" என்று சொன்னால் நம்புங்கள். "நீ என்ன செஞ்ச?" என்று கேட்காதீர்கள்.

ஊர் ஊராகப் போகும்போது எங்களிடம் ஒரு கேள்வி வருகிறது. "தொல்லை பண்றது நம்ம குழு அக்கா மகனா இருந்தா என்ன செய்யறது? குழு உடைஞ்சிடுமே!" கஷ்டமான கேள்விதான். அப்போதும் மூடி மறைக்கக் கூடாது. அந்த அக்காவை ஒதுக்கவும் கூடாது. அவமானம் அந்த அக்காவுக்கு இல்லை, செய்தவனுக்குத்தான். மகனைக் கண்டிக்க அவருக்குத் துணையாக நிற்போம். சட்டப்படி போக வேண்டியதற்குப் போவோம். உண்மையை மறைத்துக் காப்பாற்றிய குழு நாளைக்கு எந்தப் பிள்ளைக்குத் துணை நிற்கும்?

இந்த வாரம் ஒவ்வொரு குழுவும் பள்ளிக்கூடப் பாதையை ஒருமுறை சாயங்காலம் நடந்து பாருங்கள். பார்த்ததை அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.