பெயர் தந்த பெரியம்மா

(யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற முதியோர் நாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாட்டிக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் உள்ள பாசத்தைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்தார்கள். அந்தப் பாசத்தின் இனிமையை எல்லோரும் அறிவீர்கள். அதில் கலந்திருக்கும் கண்ணீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

என் அம்மாச்சி இலங்கையில் அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவரைப் போன்ற பல இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று முடிவாயிற்று. மீதி 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. "சந்தையிலே மொச்சையைக் கூறு வைக்கிற மாதிரி எங்களைக் கூறு வச்சாங்க" என்பார் அம்மாச்சி.

பெரியம்மாவுக்கு அப்போதே திருமணமாகியிருந்தது. கணவர் வீட்டார் இலங்கைக் குடியுரிமை கேட்டு மனுச் செய்ததால் அவர் அங்கேயே தங்கிவிட்டார். 1972-இல் தாத்தாவும் அம்மாச்சியும், இளைய மகளான என் அம்மாவும் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் வந்தார்கள். மண்டபம் முகாமில் சில நாள் இருந்துவிட்டு, தாத்தாவின் முன்னோர் ஊர் என்று போடிக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே தோட்டக்காட்டார் என்று பெயர். இங்கே சிலோன்காரர் என்று பெயர்.

1975-இல் நான் பிறந்தேன். பெரியம்மாவின் பெயரையே எனக்கு வைத்தார் அம்மாச்சி. ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கும்போது என்னைப் பக்கத்திலேயே இருத்திக்கொள்வார். காரணமில்லாமல் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். "என்ன அம்மாச்சி?" என்றால், "ஒண்ணுமில்ல" என்பார். ஆனால், கூடவே கடல் கடந்து வந்த என் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் விட்டுவந்த மகளின் நினைவு வந்திருக்க வேண்டும்.

"உன்னைக் கூப்பிடுற மாதிரி என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை" என்று அம்மா ஒருமுறை சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது வெட்கத்தோடு சொல்கிறேன்.

1983 ஜூலைக் கலவரம் மலைநாட்டையும் விடவில்லை. அதன்பின் பெரியம்மாவின் கடிதம் வரவில்லை. தபால்காரர் தெருமுனை திரும்பும்வரை அம்மாச்சி வாசலிலேயே நிற்பார். எட்டு வயதுச் சிறுமியான நான் அவருடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஆறு ஆண்டுகள் அப்படி நின்று, 1989-இல் கண் மூடினார். அவர் கொட்டிய அன்பில் பாதி எனக்குரியதன்று, நான் வாங்கி வைத்திருந்தேன் என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது. அதனால் அது பொய்யன்பு ஆகிவிடாது. ஆனால் அதற்கான விலையை என் அம்மா கொடுத்தார்.

இதையெல்லாம் என் பிள்ளைகளுக்கு நான் சொல்லவில்லை. பிஞ்சு மனத்தில் பாரம் ஏற்றுவானேன் என்று நினைத்தேன். அது தவறு. நாம் வாய் திறக்காவிட்டாலும் வீட்டிலுள்ள மௌனத்தைக் குழந்தைகள் கேட்டுவிடுகிறார்கள்.

சென்ற மாதம் என் மகளின் மகன் பள்ளிக்கூடத்துக்காகக் குடும்ப மரம் வரைந்தான். பூட்டிக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, "பூட்டிக்கு அக்கா தங்கச்சி இல்லையா, அம்மாச்சி?" என்று கேட்டான். நான் பதில் தேடுவதற்குள் என் அம்மா எழுந்து போய், தகரப் பெட்டியைத் திறந்து, நீலநிறக் கடிதங்களை எடுத்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் அவற்றை வைத்திருப்பதே எனக்குத் தெரியாது.

"எழுதிக்கோடா ராசா, எங்க அக்கா" என்று பெயரைச் சொன்னார்.

"இது அம்மாச்சி பேரு ஆச்சே!" என்றான் அவன்.