காசுகள் உரைக்கும் கராசியசு வரலாறு
(ஆய்வரங்கப் பொழிவின் எழுத்து வடிவம்)



வென்றோர் எழுதி வைத்ததே வரலாறு என்பர். அங்ஙனமாயின், தோற்றவன் தன் பக்கத்தை எடுத்துரைக்க வழியே இல்லையா? உண்டு. அவன் காசு அடித்திருந்தால், அக்காசு அவனுக்காகப் பேசும். ஆயிரத்து எழுநூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் பேசும். பிரித்தானியத் தீவில் அடிக்கப்பெற்ற உரோமக் காசுகளே அதற்குச் சான்று.

கி.பி. 43-இல் உரோமப் படை அத்தீவில் காலூன்றியது. ஆயினும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே நிலையான அக்கசாலை இல்லை. காசெல்லாம் கடல் கடந்தே வந்தது. அந்நிலையை மாற்றியவன் கராசியசு. எளிய குடியிற் பிறந்து, கடற்படைத் தலைவனாய் உயர்ந்தவன் அவன். கடற்கொள்ளையரை அடக்க அமர்த்தப்பெற்ற அவன், மீட்ட பொருளைத் தானே வைத்துக்கொண்டான் என்று குற்றஞ்சாட்டி, அவனைக் கொல்லுமாறு பேரரசன் மாக்சிமியன் கட்டளையிட்டான். கராசியசோ 286-ஆம் ஆண்டளவில் பிரித்தானியாவைத் தனதாக்கித் தன்னையே பேரரசன் என அறிவித்தான். 293-இல் அவனுடைய அலுவலன் அலெக்டசே அவனைக் கொன்றான். 296-இல் கான்சுடாந்தியசு படையெடுத்து வந்து அலெக்டசை வீழ்த்தித் தீவை மீட்டான்.

அடுத்து நிகழ்ந்தது என்ன? கான்சுடாந்தியசின் முன் நிகழ்த்தப்பெற்ற புகழுரை, கராசியசைக் கொள்ளையன் என்றே இழித்துரைத்தது. அவன் பெயர் பொறித்த கல்லாக இன்று நமக்குக் கிடைத்திருப்பது கார்லைல் நகரருகே 1894-இல் கண்டெடுத்த வழிக்கல் ஒன்றே. அதனையும் தலைகீழாக நட்டு, மறுமுனையில் கான்சுடன்டைன் பெயரைப் பொறித்துவிட்டனர்! கல்லையும் கவிழ்த்தவர்களால் காசைக் கவிழ்க்க இயலவில்லை. அது மக்கள் கைகளில் பரவிவிட்டது.

அக்காசுகள் சொல்வதைக் கேளுங்கள். பேரரசின் பிற பகுதிகளில் வெள்ளி முலாம் பூசிய செம்புக் காசு மதிப்பிழந்து கிடந்த காலத்தில், கராசியசு நல்ல வெள்ளியிற் காசு அடித்தான். ஒன்றில் பிரித்தானியத் தாய் அவன் கைபற்றி வரவேற்கின்றாள். 'எதிர்நோக்கப்பட்டவனே, வருக' என்பது அதன் பொறிப்பு. மற்றொன்றில் மூவர் முகங்கள்; 'கராசியசும் அவன் உடன்பிறந்தாரும்' என்பது பொறிப்பு. தன்னைக் கொல்லத் துடித்தவர்களையே உடன்பிறந்தார் எனச் சொல்லி உறவு நாடியிருக்கின்றான்! இதுவா வெறுங் கொள்ளையன் பேச்சு?

அவன் வெள்ளிக் காசுகளின் அடியில் ஆர், எசு, ஆர் என்னும் மூன்றெழுத்துகள் உள்ளன. இவை கருவூல அலுவலர் பதவியைக் குறிக்கும் என நெடுங்காலம் கருதினர். அவன் வெளியிட்ட பெருங்காசு ஒன்றில் ஐ, என், பி, சி, டி, ஏ என ஆறு எழுத்துகள் பொருள் விளங்காமல் நின்றன. 1998-இல் கை டெ லா பெடோயர் என்னும் ஆய்வாளர் இரண்டையும் இணைத்து நோக்கினார். வெர்கில் என்னும் இலத்தீன் புலவரின் நான்காம் முல்லைப் பாட்டில் அடுத்தடுத்து வரும் சொற்களின் முதலெழுத்துகளே அவை எனத் தெளிந்தார். பொற்காலம் மீள்கின்றது என்பது அவ்வடிகளின் கருத்து. கொள்ளையன் எனப் பழிக்கப்பட்டவன் தன் மக்களிடம் பாட்டின் வழியாகப் பேசியிருக்கின்றான்.

ஆயினும் காசைப் படிப்பதில் விழிப்பு வேண்டும். 1750-களில் வில்லியம் சுடூக்கிலி என்னும் அறிஞர், தேய்ந்த காசொன்றில் 'ஒரியுனா' என்று படித்து, அது கராசியசின் மனைவியின் பெயர் என்று நூலே எழுதினார். உண்மையில் அச்சொல் 'பார்ச்சுனா'. அஃது ஆகூழ்ப் பெண்கடவுளின் பெயர். ஓரெழுத்துத் தேய்ந்தது, இல்லாத அரசி ஒருத்தி பிறந்துவிட்டாள்!

காசைப் போலவே அது கிடந்த நிலையும் சான்றாகும். 2010 ஏப்பிரலில், சாமர்செட்டு மாவட்டத்துப் புரோம் நகரருகே மாழை தேடும் கருவியுடன் சென்ற ஒருவர், மண்ணுள் காசு நிறைந்த பானையைக் கண்டார். அவர் அதனை அள்ளிக் கொட்டவில்லை. தோண்டுவதை நிறுத்தித் தொல்லியலாரை அழைத்தார். அவர்கள் அடுக்கடுக்காக எடுத்து எண்ணினர். 52,503 காசுகள்; ஏறத்தாழ 160 கிலோ எடை. அவற்றுள் 760-க்கு மேற்பட்டவை கராசியசு காசுகள். காலத்தாற் பிந்திய அவற்றுட் பெரும்பாலன பானையின் கீழ்ப்பகுதியிலேயே கிடந்தன. ஆகவே, ஆண்டுதோறும் சிறுகச் சிறுகச் சேர்த்ததன்று, ஒரே வேளையில் நிரப்பப்பெற்றது என்பது தெளிவாயிற்று. ஒருமுறை கலைத்திருந்தால் இவ்வுண்மை என்றென்றைக்கும் அழிந்திருக்கும். அப்புதையல் இன்று தாண்டன் நகர அருங்காட்சியகத்தின் உடைமை.

இளைஞர்களே, கருவூர் அமராவதியாற்று மணலிலும் உரோமக் காசுகள் கிடைத்துள்ளன. உங்கள் கைக்கு ஒரு பழங்காசு வருமாயின், அதனைப் புளியிட்டுத் தேய்க்காதீர்கள், உருக்க விடாதீர்கள். எங்கே, எவ்வளவு ஆழத்தில், எவற்றோடு கிடைத்தது என்பதை அன்றே எழுதி வையுங்கள். தொல்லியல் துறையினர்க்குத் தெரிவியுங்கள். காசின் விலையை வணிகர் சொல்லிவிடுவர். அதன் வரலாற்றை அது கிடந்த மண்ணே சொல்லும். அம்மண்ணின் வாயை நாமே அடைத்துவிடலாகாது.